சுருள்பாசி வளர்ப்பில் ஒளியின் நிறம்: வளர்ச்சியையும் சத்தையும் பிழையின்றி ஒப்பிடும் முறை

சிவப்பு விளக்கில் சுருள்பாசி வேகமாக வளரும், நீல விளக்கில் நீல நிறமி கூடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அதைத் தம் கையால் சோதித்துப் பார்க்க முனைபவர்கள் பெரும்பாலும் நிறத்தை ஒப்பிடுவதில்லை. விளக்கின் பிரகாசத்தையோ, வெப்பத்தையோ, பாசியின் வயதையோ ஒப்பிட்டுவிட்டு அதை நிறத்தின் விளைவு என்று எழுதிவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்தவர்களுடன் இச்சோதனையைப் பலமுறை செய்து பார்த்ததில், எந்தப் படியில் எவ்வகைப் பிழை நுழைகிறது என்பது தெளிவாகியது. படிகளின் வரிசை முக்கியமானது. ஒன்றைத் தவிர்த்துவிட்டு அடுத்ததைச் செய்தால் பின்னால் திருத்த வழியில்லை.

இங்கே சுருள்பாசியை, அதாவது ஸ்பைருலினா என்ற பெயரில் விற்கப்படும் ஆர்த்ரோஸ்பைரா பிளாட்டென்சிஸ் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிரை, எடுத்துக்கொள்கிறேன். மற்ற நுண்பாசிகளுக்கு என்ன மாறும் என்பதைப் பிற்பகுதியில் சொல்கிறேன்.

1. கேள்வியை முதலில் தீர்மானித்தல்

"எந்த நிறம் நல்லது" என்பது சோதிக்கக்கூடிய கேள்வி அன்று. ஒரு லிட்டரில் ஒரு நாளில் எத்தனை கிராம் பாசி கிடைக்கிறது என்பது ஒரு கேள்வி. ஒரு கிராம் உலர்பாசியில் எத்தனை மில்லிகிராம் பைகோசயனின், அதாவது பாசியின் நீல நிறமி, இருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. ஒரு லிட்டரில் ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் பைகோசயனின் கிடைக்கிறது என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் ஒரே நிறம் விடையாக அமைவதில்லை.

காரணம் பாசியின் நிறமிகளில் இருக்கிறது. சுருள்பாசியின் பச்சையம் 440 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலத்தையும் 680-ஐ ஒட்டிய சிவப்பையும் உறிஞ்சும். பைகோசயனின் 620-ஐ ஒட்டிய ஆரஞ்சு கலந்த சிவப்பையும், அதனுடன் இணைந்த அல்லோபைகோசயனின் 650-ஐ ஒட்டிய சிவப்பையும் வாங்கும். ஒளிச்சேர்க்கைக்கு இரண்டு ஒளி அமைப்புகள் சேர்ந்து இயங்க வேண்டும். இவ்வுயிரில் பச்சையத்தின் பெரும்பகுதி முதலாம் ஒளி அமைப்பிலேயே இருக்கிறது. இரண்டாம் அமைப்புக்கு வேண்டிய ஒளியைப் பெரிதும் பைகோசயனினும் அல்லோபைகோசயனினுமே திரட்டித் தருகின்றன. தூய நீல ஒளி கொடுத்தால் முதல் அமைப்பு தூண்டப்படுகிறது, இரண்டாவது பட்டினி கிடக்கிறது. அதனால்தான் நீலத்தில் வளர்ச்சி குன்றுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, ஒளி திரட்டும் நீல நிறமியைப் பாசி ஒரு கிராமுக்குக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும் போக்கும் அப்போது தென்படுகிறது.

ஆகவே வளர்ச்சியில் முந்தும் நிறமும், கிராமுக்கான நிறமியில் முந்தும் நிறமும் வெவ்வேறாக அமைவதே எதிர்பார்க்கத்தக்கது. உங்கள் நோக்கம் இம்மூன்றில் எது என்பதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

2. முன்கூட்டியே தேவைப்படுபவை

ஒரே அளவும் ஒரே கண்ணாடித் தடிமனும் கொண்ட 1 லிட்டர் குடுவைகள் பன்னிரண்டு. இது நான்கு ஒளிகளுக்கு மும்மூன்றாகும். மீன்தொட்டிக்குப் பயன்படும் காற்றுப் பம்ப்புகளும், ஒவ்வொரு குழாயிலும் காற்றைத் தனித்தனியே கட்டுப்படுத்தும் சிறு வால்வுகளும் வேண்டும். ஒளி ஒன்றோடொன்று கலக்காதபடி கறுப்புத் துணியாலோ அட்டையாலோ தடுத்த நான்கு அறைகள், வெப்பமானி, பி.எச். மீட்டர், மில்லிகிராம் வரை காட்டும் தராசு, நுண்ணோக்கி ஆகியவையும் தேவை. ஒரு மாதிரி குறிப்பிட்ட அலைநீள ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் நிறமாலை ஒளிமானியும், வேகமாகச் சுழற்றித் திடப்பொருளை அடியில் படியவைக்கும் மையவிலக்கியும் இல்லாவிட்டால், அருகிலுள்ள கல்லூரி ஆய்வகத்தில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பாசி தயாரான நாளில் தேடத் தொடங்கினால் மாதிரி கெட்டுவிடும்.

ஊடகத்திற்கு, அதாவது பாசி வளரும் சத்துக் கரைசலுக்கு, ஸாரூக் கலவையே பாதுகாப்பானது. ஒரு லிட்டருக்கு சோடியம் பைகார்பனேட் 16.8 கிராம், சோடியம் நைட்ரேட் 2.5, பொட்டாசியம் சல்பேட் 1.0, சோடியம் குளோரைடு 1.0, டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.5, மெக்னீசியம் சல்பேட் 0.2, ஈ.டி.டி.ஏ. 0.08, கால்சியம் குளோரைடு 0.04, இரும்பு சல்பேட் 0.01 கிராம், அத்துடன் நுண்சத்துக் கரைசல் 1 மில்லிலிட்டர். பன்னிரண்டு குடுவைகளுக்கும் தேவையானதை ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பிரித்து ஊற்ற வேண்டும். இரும்பு சல்பேட் போன்றவற்றைத் தனித்தனியாக நிறுக்கும்போது ஏற்படும் சிறு வேறுபாடே நிறமியின் அளவை மாற்றப் போதுமானது.

3. விளக்கின் அலைநீளத்தை உறுதிசெய்தல்

கடையில் "சிவப்பு எல்.இ.டி." என்று கேட்டால் 620 முதல் 630 நானோமீட்டர் வரையுள்ளதையும் தருவார்கள், 660 உள்ளதையும் தருவார்கள். கண்ணுக்கு இரண்டும் சிவப்பு. பாசிக்கு அவை வெவ்வேறு: முன்னது நேரே பைகோசயனினில் விழுகிறது, பின்னது அல்லோபைகோசயனினிலும் பச்சையத்திலும் விழுகிறது. ஆகவே விளக்கின் விவரத்தாளில் உச்ச அலைநீளம் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே வாங்குங்கள். நீலத்திற்கு 450, பச்சைக்கு 520, சிவப்புக்கு 630 அல்லது 660 ஆகியவற்றில் ஒன்று, ஒப்பீட்டிற்கு வெள்ளை என்பது நல்ல தொகுப்பு.

வெள்ளை விளக்கின் மேல் வண்ணக் கண்ணாடித்தாளைச் சுற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு தாளும் வெவ்வேறு அளவு ஒளியை விழுங்கும்; வெப்பத்தில் நாளடைவில் வெளுக்கும்; எந்த அலைநீளங்கள் கசிகின்றன என்பதும் தெரியாது.

4. ஒளியின் அளவைச் சமப்படுத்துதல்

சோதனையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. புதியவர்களின் முடிவுகளில் பெரும்பாலானவை பயனற்றுப் போவதும் இங்கேதான்.

ஒளிச்சேர்க்கை ஒளியைத் துகள் துகளாக எண்ணுகிறது. ஓர் ஒளித்துகள் நீலமாயினும் சிவப்பாயினும் ஒரு வினையையே தொடங்கி வைக்கும். நீலத் துகளில் கூடுதலாக உள்ள ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். எனவே சமப்படுத்த வேண்டியது ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கையை. அதை மைக்ரோமோல் என்னும் அலகில் சொல்வார்கள்.

வாட்டைச் சமப்படுத்தினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 660 நானோமீட்டர் சிவப்பில் ஒரு ஜூல் ஒளியாற்றல் ஏறத்தாழ 5.5 மைக்ரோமோல் துகள்களைத் தருகிறது. 450 நானோமீட்டர் நீலத்தில் அதே ஒரு ஜூல் 3.8 மைக்ரோமோல் மட்டுமே தருகிறது. ஆகவே சம வாட்டில் சிவப்புக் குடுவை தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு துகள்களைப் பெறுகிறது. பின்னர் சிவப்பு வென்றது என்று எழுதுவதில் பொருளில்லை.

லக்ஸ் மீட்டரால் சமப்படுத்துவது இதைவிடப் பெரிய பிழை. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் உணர்வுக்கேற்ப அமைந்த அலகு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையை மிகுதியாக உணரும். நீலத்தையும் ஆழ்ந்த சிவப்பையும் மிகக் குறைவாகவே உணரும். அதனால் 100 மைக்ரோமோல் ஒளி 660 நானோமீட்டரில் சுமார் 750 லக்ஸாகவும், 450-இல் சுமார் 700 லக்ஸாகவும், 630-இல் சுமார் 3,400 லக்ஸாகவும், 520 பச்சையில் சுமார் 11,000 லக்ஸாகவும், சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் 7,000 லக்ஸை ஒட்டியும் தெரியும். எல்லா அறைகளிலும் 3,000 லக்ஸ் என்று வைத்தால், 660 சிவப்புக்கு 400 மைக்ரோமோலும் பச்சைக்கு 30-க்கும் குறைவாகவும் கிடைக்கும். பச்சையில் பாசி வளரவே இல்லை என்ற முடிவு இப்படித்தான் பிறக்கிறது.

ஆகவே ஒளித்துகள் எண்ணிக்கையைக் காட்டும் குவாண்டம் மீட்டரை ஒரு நாளைக்காவது இரவல் வாங்குங்கள். அது கிடைக்காதபோது மேலே தந்த எண்களைக் கொண்டு லக்ஸ் மீட்டரை மாற்றிப் படிக்கலாம். ஆனால் மலிவான மீட்டர்கள் நீல முனையிலும் சிவப்பு முனையிலும் பிழை காட்டும் என்பதால், அதைத் தோராயம் என்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். கைப்பேசிச் செயலிகள் இதற்கு உதவா.

அளவிடும் இடமும் முக்கியம். குடுவை நிற்கப் போகும் இடத்தில், அதன் முன்சுவர் இருக்கும் தொலைவில், மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். எல்லா அறைகளிலும் 100 மைக்ரோமோல் கிடைக்கும்படி விளக்கின் தொலைவையோ மின்னோட்டத்தையோ மாற்றுங்கள். 12 மணி நேர ஒளி, 12 மணி நேர இருள் என்று வைப்பதானால் நான்கு அறைகளுக்கும் ஒரே டைமர் இருக்கட்டும்.

5. தாய் வளர்ப்பைத் தயாரித்து நிறத்துக்குப் பழக்குதல்

களத்தில் மதர் கல்ச்சர் என்று சொல்லப்படும் தாய் வளர்ப்பை முதலில் நுண்ணோக்கியில் பாருங்கள். சுருள் இழைகள் முழுமையாக, துண்டாகாமல், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். உருண்டையான சிறு பச்சை உயிரணுக்கள் தென்பட்டால் வேறு பாசி கலந்துவிட்டது என்று பொருள். அந்த வளர்ப்பைக் கைவிடுங்கள். சுருள்பாசி மெதுவாக வளரும் ஒளியில் வேற்றுப் பாசிக்கு இடம் கிடைத்துவிடும், பின்பு நீங்கள் எடை போடுவது எதை என்பதே தெரியாமல் போகும்.

வெள்ளை ஒளியில் வளர்ந்த பாசியை நேரே நீல அறைக்குள் வைத்து, மறுநாளே அளக்கத் தொடங்குவது பரவலான அவசரம். பாசி தன்னிடமுள்ள நிறமியோடுதான் உள்ளே வருகிறது. புதிய ஒளிக்கேற்ப நிறமியின் விகிதம் மாற, உயிரணுக்கள் சில தலைமுறைகள் பெருக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வாரம் வளர்த்து, அதில் ஒரு பகுதியைப் புதிய ஊடகத்திற்கு மாற்றி மீண்டும் ஒரு வாரம் வளர்த்து, அதன் பிறகே சோதனைக்கான விதைப்பாசியாக எடுங்கள். பொறுமையைச் சோதிக்கும் இரண்டு வாரங்கள்தான், ஆயினும் இதற்கு மாற்று இல்லை.

6. குடுவைகளை நிரப்பி நிறுத்துதல்

ஒவ்வொரு குடுவையிலும் 700 மில்லிலிட்டர். தொடக்க அடர்த்தி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும்: நிறமாலை ஒளிமானியில் 750 நானோமீட்டரில் படிக்கும் ஒளி அடர்த்தி 0.2 அளவில் வர வேண்டும். அதைவிட நீர்த்துத் தொடங்கினால் ஒளியைப் பங்கிட்டுக்கொள்ள உயிரணுக்கள் போதாமல் பாசி வெளுத்துப்போகக்கூடும்.

காற்றோட்டத்தை வால்வால் சமப்படுத்துங்கள். காற்று பாசியைக் கலக்குவதற்கும், ஒவ்வோர் இழையும் முறைவைத்து ஒளிப்பக்கம் வந்துபோவதற்கும் தேவை. குமிழி குறைந்த குடுவையில் பாசி மிதந்து ஆடைபோல் படியும். அதன் அளவீடுகள் எவற்றையும் நம்ப முடியாது.

வெப்பத்தைக் காற்றில் அளக்காமல் குடுவையின் நீருக்குள் அளக்க வேண்டும். சுருள்பாசிக்கு 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் உகந்தது. விளக்குகள் வெவ்வேறு மின்னளவில் எரிவதால் அறைகளுக்கிடையே சில டிகிரி வேறுபாடு எளிதில் வந்துவிடும், அந்த வேறுபாடே வளர்ச்சியை மாற்றிவிடும். சிறு விசிறியாலோ எல்லாக் குடுவைகளையும் ஒரே நீர்த்தொட்டியில் நிறுத்துவதாலோ இதைச் சரிசெய்யலாம். குடுவைகளின் இடத்தை நாள்தோறும் அறைக்குள்ளேயே சுழற்றி மாற்றுங்கள்.

7. அன்றாட அளவீடு

தினமும் ஒரே நேரத்தில், முதலில் ஆவியான நீருக்கு ஈடாக வாலைவடி நீரைக் குறியீடு வரை ஊற்றிக் கலக்கி, அதன் பிறகே மாதிரி எடுங்கள். வரிசை மாறினால் ஆவியாதலையே வளர்ச்சி என்று பதிவு செய்வீர்கள்.

ஒளி அடர்த்தியை 680 நானோமீட்டரில் அளக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. நிறச் சோதனைக்கு அது பொருந்தாது. 680-இல் பச்சையம் உறிஞ்சுகிறது. ஒளியின் நிறம் பச்சையத்தின் அளவையே மாற்றும்போது அந்த எண் கூடுவது பாசி பெருகியதாலா, பச்சையம் மாறியதாலா என்று பிரிக்க முடியாது. நிறமிகள் உறிஞ்சாத 750-இல் அளந்தால் கலங்கல் மட்டுமே தெரியும். இழைகள் விரைவில் படியும் என்பதால் ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை குலுக்கிப் படித்துச் சராசரி எடுங்கள்.

பி.எச். அளவையும் தினமும் குறியுங்கள். பாசி பைகார்பனேட்டைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது ஏறும்; வேகமாக வளரும் குடுவையில் முதலில் ஏறும். ஒரு குடுவை 10.5-ஐத் தாண்டிய பின் வளர்ச்சி தளர்ந்தால் அதற்கு நிறம் காரணமன்று.

8. மாதிரி எடுக்கும் நாளைத் தீர்மானித்தல்

இயல்பாகத் தோன்றுவது, பத்தாம் நாளில் எல்லாக் குடுவைகளையும் ஒன்றாக அறுவடை செய்வது. வளர்ச்சியை ஒப்பிட அது சரி. சத்தை ஒப்பிட அது தவறு.

பத்தாம் நாளில் சிவப்புக் குடுவை அடர்ந்திருக்கும், நீலக் குடுவை நீர்த்திருக்கும். அடர்ந்த குடுவையில் இழைகள் ஒன்றையொன்று மறைப்பதால் ஒவ்வோர் உயிரணுவுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது; ஒளி குறைந்தால், அதன் நிறம் எதுவாயினும், பாசி நிறமியைக் கூட்டிக்கொள்ளும். மறுபுறம், மிக அடர்ந்த வளர்ப்பில் நைட்ரஜன் தீரத் தொடங்கினால் பாசி பைகோசயனினைச் சிதைத்து நைட்ரஜன் தேவையை ஈடுசெய்யும், நிறமி சரியும். எதிரெதிரான இந்த இரு விளைவுகளும் நிறத்தின் விளைவோடு கலந்துவிடும்.

எனவே சத்துக்கான மாதிரியை ஒரே நாளில் எடுக்காமல் ஒரே அடர்த்தியில் எடுக்க வேண்டும். 750-இல் 0.8-ஐ எட்டும் நாளில் அந்தந்தக் குடுவையிலிருந்து எடுங்கள். சிவப்பு முன்னதாக எட்டும், நீலம் பல நாள் கழித்து எட்டும். குறிப்பேடு சற்றுக் குழப்பமாகத் தோன்றினாலும் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

9. கழுவுதல், எடை போடுதல், நிறமியும் புரதமும் காணுதல்

ஸாரூக் ஊடகத்தில் லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் உப்புகள் உள்ளன. கழுவாமல் உலர்த்தினால் நீங்கள் எடை போடுவது பாசியோடு சோடாவையும் சேர்த்துத்தான். அந்தப் பொய் எடை, நீர்த்த குடுவையில் பாசியைவிட விகிதத்தில் பெரிதாக இருக்கும்.

உலர் எடைக்கு: அளந்த கன அளவை வடிதாளில் வடித்து, வாலைவடி நீரால் இருமுறை விரைந்து கழுவி, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி நிறுக்க வேண்டும்.

நிறமிக்கு: இதற்குத் தனி மாதிரி எடுக்க வேண்டும். வாலைவடி நீரில் நெடுநேரம் வைத்தால் உயிரணு வெடித்து நீல நிறமி கழுவுநீரோடு போய்விடும். கழுவுநீர் நீலமாகத் தெரிந்தால் இழப்பு நேர்ந்துவிட்டது என்று அறியுங்கள். ஆகவே பி.எச். மாறாமல் காக்கும் 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசலால், பி.எச். 7-இல் கழுவுங்கள். பின்பு அதே கரைசலில் பாசியைக் கலந்து, உறையவைத்து உருக்குவதை மூன்று நான்கு முறை இருளில் செய்யுங்கள். மையவிலக்கியில் சுழற்றியதும் மேலே தெளிந்த நீலக் கரைசல் நிற்கும். அடியில் தங்கிய பாசியில் இன்னும் நீலம் மிஞ்சியிருந்தால் ஒரு சுற்றுக் கூடுதலாகச் செய்யுங்கள்.

அந்தக் கரைசலை 615, 652 நானோமீட்டர்களில் படியுங்கள். 652-இல் வந்த எண்ணை 0.474-ஆல் பெருக்கி, அதை 615-இல் வந்த எண்ணிலிருந்து கழித்து, கிடைப்பதை 5.34-ஆல் வகுத்தால், ஒரு மில்லிலிட்டரில் உள்ள பைகோசயனின் மில்லிகிராமில் கிடைக்கும். அதைக் கரைசலின் மொத்தக் கன அளவால் பெருக்கி, எடுத்த பாசியின் உலர் எடையால் வகுத்தால் கிராமுக்கான அளவு வந்துவிடும். படிக்கும் எண் 1-க்கு மேல் போனால் கரைசலை நீர்த்து மீண்டும் படியுங்கள்.

பைகோசயனினுக்கு வெப்பம் ஆகாது; கரைசலில் 45 டிகிரியைத் தாண்டினாலே சிதையத் தொடங்கும். அடுப்பில் உலர்த்திய பொடியைக் கொண்டு நிறமி அளந்தால், அந்த எண் ஒளியின் நிறத்தைவிட உலர்த்திய வெப்பத்தைப் பற்றியே கூடுதலாகச் சொல்லும்.

புரதத்தை ஜெல்டால் முறையில் நைட்ரஜனாக அளந்து 6.25-ஆல் பெருக்குவது வழக்கம். சாயம் சேர்த்து அதன் நிற மாற்றத்தால் புரதத்தை அளக்கும் பிராட்போர்டு முறையைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் வாசிப்பு 595 நானோமீட்டரில் நிகழ்கிறது, பைகோசயனினும் அங்கே உறிஞ்சுகிறது. சாயம் சேர்க்காத மாதிரியைத் தனியே படித்துக் கழிக்காவிட்டால், நிறமி கூடிய பாசிக்குப் புரதமும் கூடியதாகத் தோன்றும்.

இரும்பு முதலிய தாதுக்கள் பெரிதும் ஊடகத்தைப் பொறுத்தவை. அவற்றை நிறத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுருள்பாசியில் பி12 என்று அளவிடப்படுவதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம் என்பதால், எந்த நிற ஒளியைக் கொண்டும் அதை ஒரு சத்துப் பெருமையாகச் சொல்லக்கூடாது.

10. எண்களைப் படித்தல்

கணக்குக்காக மட்டும் இரண்டு கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். பத்து நாளில் சிவப்பில் லிட்டருக்கு 1.2 கிராம் பாசி, அதில் 10 விழுக்காடு பைகோசயனின்; நீலத்தில் 0.5 கிராம் பாசி, அதில் 14 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு நீலமே முந்துகிறது. ஆனால் லிட்டருக்குச் சிவப்பில் 120 மில்லிகிராமும் நீலத்தில் 70 மில்லிகிராமும் கிடைக்கின்றன. நிறமி செறிந்த பொடி வேண்டுபவருக்கும், தொட்டியிலிருந்து மொத்த நிறமி வேண்டுபவருக்கும் விடை வேறாகிறது. இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிடுங்கள். ஒன்றை மட்டும் சொல்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும்.

ஒரே நிறத்தின் மூன்று குடுவைகளுக்கிடையே உள்ள வேறுபாடு, இரு நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை ஒத்திருந்தால், நிறத்தின் விளைவு நிறுவப்படவில்லை என்று எழுதுவதே முறை.

11. வேறு பாசிகளுக்கு மாற்றிக்கொள்ளும்போது

குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகளில் பைகோசயனின் இல்லை. பச்சையம் ஏ, பச்சையம் பி ஆகிய இரண்டும் உள்ளன. அதனால் அவை நீலத்தில் சுருள்பாசியைப் போல் தளர்வதில்லை. நீலத்தில் அவற்றின் உயிரணுக்கள் பெருத்தும், சிவப்பில் சிறுத்தும் காணப்படுவது வழக்கம் என்பதால், அங்கே எண்ணிக்கையையும் எடையையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஹீமட்டோகாக்கஸ் பாசியைச் சிவப்பில் பெருக்கி, பின்னர் வலுவான நீல ஒளிக்கு மாற்றினால் அஸ்டாக்சாந்தின் என்னும் சிவப்பு நிறமி திரள்வது தூண்டப்படும். ஆகவே அதற்கு இரண்டு கட்டச் சோதனை தேவை. டயட்டம்கள் எனப்படும் சிலிக்கா ஓடுடைய நுண்பாசிகளில் உள்ள ஃபியூகோசாந்தின் என்னும் நிறமி நீலத்தோடு நீலப்பச்சை ஒளியையும் வாங்கிக்கொள்ளும். அவற்றுக்குப் பச்சை விளக்கை வெறும் ஒப்பீட்டு விளக்காகக் கருத முடியாது.

12. வெயில் தொட்டிக்குக் கொண்டு செல்லும்போது

குடுவையில் கண்டதைத் தொட்டியில் செய்து பார்க்க விரும்புவோர் தொட்டியின் மேல் சிவப்பு அல்லது நீலத் தகடு விரிக்கிறார்கள். தகடு எந்த ஒளியையும் புதிதாகத் தருவதில்லை. வெயிலிலிருந்து மற்ற நிறங்களைக் கழிக்கிறது. ஆகவே தகட்டின் கீழுள்ள தொட்டியைத் திறந்த தொட்டியோடு ஒப்பிட்டால் நிழலின் விளைவும் நிறத்தின் விளைவும் ஒன்றாகவே தெரியும். தகட்டின் கீழ் குவாண்டம் மீட்டரால் அளந்து, அதே எண் வரும்வரை நிறமற்ற நிழல்வலையை மடித்துப் போட்ட இரண்டாவது தொட்டியை அருகில் வையுங்கள். வெயில் நேரத்துக்கு நேரம் மாறுவதால் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் இரு தொட்டிகளிலும் அளந்து, நீரின் வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.